பதில் வணக்கம்

டட்லி ப்ரூம் எந்த விதியையும் மீறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஒரே ஒரு விதியையாவது மீறியிருந்தால் இக்கதை சனிக்கிழமையே முடிந்திருக்கும். மீன்பிடி உரிமச் சீட்டு வைத்திருந்தார். மீனைப் பிடித்து உடனே நீரில் விட்டுவிட வேண்டிய பகுதிக்குத் தனிச் சீட்டு உண்டு, அதையும் வைத்திருந்தார். இரண்டையும் மழையில் நனையாத உறையிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பிடித்த ட்ரவுட் மீனை நீருக்கு வெளியே எடுக்காமலேயே முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்திப் போகும்வரை இரு கைகளாலும் தாங்கி, பிறகு அதற்கு நன்றியும் சொன்னார். ரேவன் ஃபோர்க் ஆற்றில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் மீன்வளக் காவலன். ஆற்றின் விதிப்புத்தகத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அதை முழுவதும் படித்துவிட்டு ஆற்றில் இறங்கிய முதல் மனிதர் அவர்தான்.

அவரால்தான் அந்தச் சனிக்கிழமை காலை வெர்லீன் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மணி ஏழு.

வெர்லீன் என் பெரியம்மாவின் மகள். தாய்வழியே குலம் எண்ணும் பூர்வகுடிகளான எங்களுக்கு அவள் உடன்பிறந்தவளே. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவளுடைய காலணிகள் நனைந்திருந்தன, தலைமுடி உலர்ந்திருந்தது. ஏதோ தவறிவிட்டது என்று புரிந்துகொள்ள எனக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

"போச்சுடா தம்பி."

"என்னக்கா போச்சு?"

"இன்னைக்குக் காலை போச்சு. ஆத்துல நம்ம கசத்துல, அந்த ஆழத் தண்ணியில, ஒருத்தன் நிக்குறான். இடுப்பு வரைக்கும் ரப்பரை மாட்டிக்கிட்டு, கொக்கு மாதிரி."

"நின்னா நிக்கட்டுமே. நீ பாட்டுக்கு ஒரு ஓரமா..."

"என்னைப் பாத்து 'சியோ'ன்னு சொல்றான்டா!"

நான் உட்கார்ந்துவிட்டேன். "நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? 'சியோ'ன்னுதான் சொன்னேன். வேற எவனாச்சும் குட் மார்னிங்னு சொல்லியிருந்தா காது கேக்காத மாதிரி இறங்கிப் போயிருப்பேன். நம்ம வார்த்தையில வணக்கம் சொன்னவனுக்குப் பதில் சொல்லாம எப்படிடா போறது? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தா?"

அவள் கணவர் ஆலிக்கு நெஞ்சில் ஒரு வால்வை மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அறுவை. வியாழன் நண்பகலுக்குள் ஆஷ்வில் நகரத்து மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு முன் நான்கு காலைகள், இடைவிடாமல், விடியும் வேளையில் வெர்லீன் ஆற்றில் இறங்க வேண்டும். அங்கே என்ன செய்வாள், என்ன சொல்வாள் என்பவை எழுதத் தக்கவையல்ல. இக்கதைக்குத் தேவையானது இவ்வளவே: எழுந்தது முதல் நீரிலிருந்து கரையேறும்வரை அவள் மனிதர் எவரிடமும் பேசக் கூடாது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. பேசிவிட்டால் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

வேறு இடம் தேடலாமே எனலாம். எதிர்க்கரை சென்ற வசந்தத்தின் வெள்ளத்தில் சரிந்துவிட்டது. கீழே சுற்றுலாக் கூடாரங்கள். மேலே அரை மைல் தொலைவில் ஓரிடம் உண்டு. ஆனால் பாறைகள் வழுக்கும், அக்காவின் முழங்கால்களுக்கு ஆகாது. அவள் வீட்டுக்குக் கீழே, கிழக்கு பார்த்த அந்தக் கசத்துக்குத்தான் கல்படிகள் உண்டு. அதே கசத்தில்தான் அந்த ஆற்றின் மிகப் பெரிய ட்ரவுட்டும் இருந்தது. மேல்தாடையில் வெண்தழும்புள்ள கிழட்டு மீன். அதன் பொருட்டுத்தான் டட்லி ப்ரூம் டென்னசியிலிருந்து ஒன்பது நாள் விடுப்பெடுத்து வந்து, ஆற்றோரம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்.

அவரிடமே சொல்லலாமே என்பது அடுத்த கேள்வி. மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் ஆள் ஒருவன், நல்லெண்ணத்தில், கூடாரவாசி ஒருவரிடம் சொன்னான். அடுத்த கோடையில் எட்டுப் பேர் கேமராவுடன் விடியற்காலையில் கரையில் காத்திருந்தார்கள். அதன்பின் எங்கள் ஊரான பிக் கோவ் முழுவதும் கூட்டம் போட்டு, இனி வெளியாரிடம் எவரும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவைப் பிழை திருத்தி எழுதிக் கொடுத்தவன் நான்.

ஆகவே சனிக்கிழமை நண்பகல் எங்கள் முறைப்படியே பேசிப் பார்த்தேன். ப்ரூம் கரையில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பல் மருத்துவராம். என்னைக் கண்டதும் கை உயர்த்தினார்.

"சியோ, ஆபீசர்!"

"சியோ."

"பெட்ரோல் பங்க்குல போர்டு வெச்சிருக்காங்க, பாத்துக் கத்துக்கிட்டேன். சரியா சொல்றேனா?"

"ரொம்பச் சரி."

"காலையில ஒரு அம்மா வந்தாங்க, அவங்களுக்கும் சொன்னேன். பதிலுக்கு அவங்களும் சொன்னாங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"அந்த இடத்துக்கு விடிகாலையில சில பேர் வர்றதுண்டு," என்றேன். எங்களவர் எவராயினும் அந்த ஒரு வாக்கியத்தில் எழுந்து போயிருப்பார்.

"அப்படியா? நல்லதாப் போச்சு! பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கும்."

சற்றுப் பொறுத்து, "மேல அரை மைல்ல இன்னும் நல்லாருக்கும்னு சொல்லுவாங்க," என்றேன். இது பொய்யன்று, சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடனே நன்றி சொன்னார். பிறகு இந்த மலையின் அமைதியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வெர்லீன் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அவனை மேல அனுப்புனது எவன்டா?"

அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீயா?"

"உனக்குக் கசம் காலியா இருக்கட்டும்னுதான்க்கா..."

"உன் நல்ல மனசுல இடி விழ! அவன் கீழதானே நிப்பான்னு நான் மேல போனேன்டா! பாறையில வழுக்கி, முட்டியை இடிச்சுக்கிட்டு, தட்டுத்தடுமாறி நிமிந்து பாக்குறேன், முன்னால பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குறான். 'சியோ, விழுந்துட்டீங்களா? அடி பட்டுச்சா?'ங்குறான்."

"பதில் சொன்னியா?"

"அடி பட்டுச்சான்னு அக்கறையாக் கேக்குறவனுக்கு என்னடா பண்றது?"

அவள் மேலே போவதாக என்னிடம் சொல்லவில்லை. எனக்கு எதற்கு வீண் சிரமம் என்று எண்ணினாள். அவரை மேலே அனுப்பியதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்று எண்ணினேன். பிறருக்குச் சிரமம் கொடுக்காத மக்கள் நாங்கள். அதனால் விளையும் சிரமத்துக்கு அளவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். எஞ்சியிருந்த காலைகள் சரியாக நான்கே. ஒன்று தவறினாலும் ஈடுகட்ட நாளில்லை.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆலி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து உப்பில்லாத சூப்பை வெறுப்புடன் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்க அக்கா நாலு நாள் விடிகாலையில வாயை மூடிட்டு இருக்கணுமாம். அதுக்கு என் வால்வை மாத்துறது சுலபம்."

வெர்லீன் சிரிக்கவில்லை. அவருடைய தட்டை எடுத்துச் சென்று கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். வாசலுக்கு வந்து, "நாலு நாளும் அவனைத் தண்ணிப் பக்கம் வராமப் பாத்துக்கறேன்க்கா," என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

வீடு திரும்பியபின் விதிப்புத்தகத்தைத் திறந்தேன். ஒன்பதாம் பிரிவு: காவலர் எந்நேரத்திலும், தேவைப்படும் அளவு நேரம், மீன்பிடிப்பவரின் சீட்டையும் கருவிகளையும் சோதிக்கலாம். 'தேவைப்படும் அளவு நேரம்' என்னும் தொடரை அங்கே சேர்த்தவன் நான். அது எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார். வாக்கியம் அது இல்லாமல் குறைபட்டு நிற்கிறது என்று அப்போது சொன்னேன்.

திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு ப்ரூம் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். ஐந்தரைக்கே நான் அங்கு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வெர்லீன் வீட்டு வாசல்விளக்கு மரங்களுக்கிடையே தெரியும். கரையேறி வீடு சேர்ந்தவுடன் அதை அணைத்துவிடுவாள் என்று பேச்சு.

"சீட்டைக் காட்டுங்க."

மகிழ்ச்சியோடு காட்டினார். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பிறகு, விதிகளை அவர் அறிந்திருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ள, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். பதினான்கு பக்கங்கள். ஆறாம் பக்கத்தில் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் என்று அவரே சுட்டிக் காட்டினார். அவர் சொன்னது சரி. திரும்பப் படித்தேன். பதிமூன்றாம் பக்கத்தில் விளக்கு அணைந்தது.

"ரொம்ப அருமையா எழுதியிருக்காங்க ஆபீசர். யாரு எழுதினது?"

அந்தக் காலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அக்கேள்வி.

செவ்வாயன்று தூண்டில் முள்களைச் சோதித்தேன். அவர் பைக்குள் பதினொரு பெட்டிகள். அவற்றுள் இறகாலும் நூலாலும் அவரே கட்டிய செயற்கை ஈக்கள். முனையில் எதிர்முள் இருக்கிறதா என்று பார்க்க, முள்ளைப் பஞ்சில் குத்தி இழுப்பது வழக்கம். பஞ்சு சிக்காமல் வந்தால் முள் விதிக்கு உட்பட்டது. பொதுவாக இரண்டு மூன்றைச் சோதிப்போம். நான் நூற்று எழுபத்திரண்டைச் சோதித்தேன். ஒன்றிலும் பஞ்சு சிக்கவில்லை. ஒவ்வோர் ஈயையும் எந்த ஆண்டு, எந்த ஆற்றுக்காகக் கட்டினார் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். விளக்கு அணைந்தபின்னும் மூன்று ஈக்களின் வரலாறு பாக்கியிருந்தது.

புதன்கிழமை அவருடைய காலணிகளை உப்புநீர் வாளியில் இருபது நிமிடம் ஊற வைத்தேன். வேறு ஆற்றின் பாசி எங்கள் ஆற்றுக்கு வந்துவிடக் கூடாது. அறிவியல்படி குற்றமற்ற செயல்தான். அவர் காலுறையோடு வண்டியின் பின்கதவில் அமர்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு, முதன்முறையாகப் பேசாமல் இருந்தார்.

"ஆபீசர்."

"சொல்லுங்க."

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை."

"மூணு நாளா என்னைய மட்டும்தான் சோதிக்கிறீங்க. நேத்து அந்தப் பக்கம் ஒருத்தன் புழுவைக் கோத்துப் போட்டுக்கிட்டிருந்தான். அது தப்புதானே?"

"தப்புதான்."

"அவனை ஒண்ணும் கேக்கல."

நான் வாளியைப் பார்த்தேன். உண்மையில் அந்தப் புழுக்காரனை நான் கண்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, பார்த்தும் பாராமல் நடந்தேன்.

அன்று பிற்பகல் என் மேலதிகாரி கிளைட் தொலைபேசியில் அழைத்தார். "என்னய்யா, ஒரு டாக்டர் வந்தாரு. புகார் எல்லாம் இல்லையாம். விதியை இன்னும் எப்படி நல்லாக் கடைப்பிடிக்கிறதுன்னு கேக்குறாரு. பாவம், கண்ணு கலங்கிருச்சு. அவரை விட்டுத் தொலையேன்."

"நாளைக்கு ஒரு நாள்தான் சார்."

"எதுக்கு ஒரு நாள்?"

கிளைடும் பிக் கோவ்காரர்தான். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். "சோதனை முடியல," என்றேன். எங்களுக்குள்ளேயே நாங்கள் இப்படித்தான்.

வியாழன். ஐந்தரை. வண்டி நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஐந்தே முக்கால் ஆயிற்று. ஐந்து ஐம்பது. வெர்லீன் வீட்டு வாசல்விளக்கு எரிந்தது. ப்ரூமின் வண்டி வரவில்லை. காய்ச்சல் கண்டிருக்கலாம், ஊருக்கே திரும்பியிருக்கலாம் என்றெல்லாம் நம்பிக்கையோடு எண்ணினேன். பிறகுதான் உறைத்தது. மூன்று நாள் வண்டியருகே மடக்கப்பட்டவன் நான்காம் நாள் வண்டியில் எதற்கு வருவான்? அறையிலிருந்து ஆற்றோரமாகவே நடந்து வந்திருப்பான்.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஈரச் சரிவில் ஓடுவதன் விவரங்களை இங்கே தவிர்க்கிறேன். வேலிச்செடிகளை விலக்கி நான் கரைக்கு வந்து சேர்ந்தபோது ப்ரூம் கசத்தின் நடுவில் நின்றார். தூண்டில் கம்பு வில்லாக வளைந்திருந்தது. நீர் ஒருமுறை பிளந்தது, மேல்தாடையில் வெண்தழும்பு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சூரியன் எழ அரைமணி முன்பிலிருந்து மீன் பிடிக்கலாம் என்பது விதி. அந்த நேரம் கடந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அப்போதும் அவர் எந்த விதியையும் மீறவில்லை.

கல்படிகளின் மேல் வெர்லீன் நின்றாள், தோளில் துண்டோடு. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ப்ரூம் தலையைத் திருப்பினார். அவளைக் கண்டார். ஆற்றின் மிகப் பெரிய மீன் தூண்டிலில் இருக்க, அதைக் காட்ட ஒரு மனிதமுகமும் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

"ப்ரூம் சார், பேசாதீங்க!" என்றேன்.

வாய் திறந்தபடியே நின்றது.

"இவங்க தண்ணியில இறங்கி வேண்டிக்கணும். நாளைக்கு இவங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். கரையேறுற வரைக்கும் இவங்க பேசக் கூடாது. நீங்க வணக்கம் சொன்னா பதில் சொல்லாம இருக்க இவங்களால முடியாது. தயவுசெஞ்சு கரையேறிப் போயிடுங்க. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஆறு வாக்கியங்கள். ஓர் ஈப்பெட்டியைத் திறந்து மூடும் நேரம்கூட ஆகவில்லை.

அவர் வாயை மூடினார். மீனிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மார்பில் தொங்கிய சிறு கத்தரியை எடுத்து நூலை நறுக்கினார். கம்பு நிமிர்ந்தது. நீர் தெறிக்காமல், ஒவ்வோர் அடியாகக் கரையேறினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அக்காவைக் கடந்து வந்தார். அவள் படியிறங்கினாள். நாங்கள் இருவரும் திரும்பிப் பாராமல் மேலே நடந்தோம். எதிர்முள் இல்லாத முள் மீனின் வாயிலிருந்து நண்பகலுக்குள் தானே உதிர்ந்துவிடும்; அவ்விதி அதற்காகத்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்றோம். விளக்கு அணைந்தது.

"இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே ஆபீசர்," என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆலியின் வால்வு மாற்றப்பட்டது. சனிக்கிழமை அவரே தொலைபேசியில் பேசினார்; குரலில் வலு குறைந்திருந்தது, புகாரில் குறையில்லை. "மச்சான், இங்க ஆடுற ஜெல்லி ஒண்ணு குடுக்குறாங்க. பச்சையா இருக்கு. அதைத் தின்னு சாகறதுக்கா இவ்வளவு செலவு பண்ணி அறுத்தாங்க?"

அன்று மாலை மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த வெர்லீன், இரவே சோளமாவில் அவரையைப் பிசைந்து வைத்திருந்தாள் போலும். ஞாயிறு காலை, இலையில் மடித்து வேகவைத்த பீன் ரொட்டி ஆவி பறக்க ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. ப்ரூம் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தை ஏந்தியபடி அவர் வண்டியருகே போய் நின்றாள்.

"சியோ!" என்றாள்.

ப்ரூம் தொப்பியைக் கழற்றினார். தலைகுனிந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"சியோ!" என்றாள் மறுபடி, சற்று உரக்க.

அவர் உதட்டில் விரலை வைத்து, கனிவோடு தலையை ஆட்டி, ஆற்றைச் சுட்டிக் காட்டினார்.

வெர்லீன் என் பக்கம் திரும்பினாள். "என்னடா ஆச்சு இவனுக்கு? ஒரு வாரமா ஊருல ஒரு நாய் நரியை விடாம சியோ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இப்ப நானே வந்து சொல்றேன், பதில் பேச மாட்டேங்குறான். விடிய எழுந்து அவிச்சுக் கொண்டாந்திருக்கேன், என்னை மதிக்கலையாடா?"

ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாக வெளிப்படையாகப் பேச வேண்டியதாயிற்று.

"ப்ரூம் சார், இவங்க வேண்டுதல் வியாழனோட முடிஞ்சுது. இப்ப நீங்க பேசலாம்."

"நிச்சயமாவா?" என்று கிசுகிசுத்தார்.

"நிச்சயமா."

"சியோ!" என்றார். பிறகு பீன் ரொட்டியை வாங்கிக்கொண்டு, ஆலியின் உடல்நலம் விசாரித்தார். விசாரித்துவிட்டு, நெஞ்சு அறுவைக்குப்பின் பற்களை எவ்வாறு பேண வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். அங்கிருந்து ஈறுகளுக்குப் போனார். ஈறுகளிலிருந்து ட்ரவுட் மீனின் தாடைக்கும், தாடையிலிருந்து இந்த மலையின் அமைதிக்கும் வந்தார். ஆஷ்வில் போகவேண்டிய வெர்லீன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். நடுவில் குறுக்கிட அவள் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ரொட்டியின் ஆவி அடங்கி, இலை வாடத் தொடங்கியது.

அவர் மூச்சு வாங்கிய ஒரு கணத்தில் என் காதருகே குனிந்தாள்.

"நல்லாத்தானேடா வாயை மூடிக்கிட்டு இருந்தான்," என்றாள். "உன்னை யாரு தொறந்துவிடச் சொன்னது?"